சின்ன வேஷப் பிள்ளைகள் ஒத்திகையில் சோர்ந்துபோனால்: அறிகுறி வாரியாகச் சரிசெய்வது

ஆண்டு விழா நாடகத்துக்கு 30 பிள்ளைகளை எடுத்தால், வசனம் நிறைய உள்ளவர்கள் ஆறேழு பேர்தான். மிச்சப்பேர் காவலர், தோழி, சந்தைக்கூட்டம், தூதன், பல்லக்குத் தூக்கி. ஒத்திகை கலைய ஆரம்பிப்பது இவர்கள் உட்கார்ந்திருக்கும் மூலையிலிருந்துதான். "ஆர்வமில்லாத பசங்க" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் கோளாறு அட்டவணையில் இருக்கும், பிள்ளையிடம் இருக்காது. கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாமல் சரியாகும் காரணம் முதலில், சரிசெய்யச் செலவு பிடிக்கும் காரணம் கடைசியில். முதல் காரணத்திலேயே சரியாகிவிட்டால் அடுத்ததைத் தொட வேண்டாம்.

எதற்கும் முன்னால் ஒரு சார்ட் போட்டுக்கொள்ளுங்கள். நாடகத்தைக் காட்சியாகப் பிரித்தால் போதாது. யார் உள்ளே வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்து இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கள். 25 நிமிட நாடகம் ஏறக்குறைய பத்துத் துண்டு வரும். பக்கவாட்டில் பிள்ளைகள் பெயர், மேலே துண்டு எண். வசனம் இருந்தால் 'வ', வசனமில்லாமல் சும்மா நின்றால் 'நி'. ஒரே ஒரு 'நி' மட்டும் உள்ள பெயர்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். சிக்கல் எங்கிருந்து வரும் என்று ஒத்திகை தொடங்குமுன்பே தெரிந்துவிடும்.

## அறிகுறி 1: மூலையில் அரட்டை, அடிக்கடி தண்ணீர், பாத்ரூம்

பார்க்க வேண்டியது: கடிகாரம். ஒரு நாள் மட்டும், வட்டமிட்ட பெயர்களில் மூன்று பேரை எடுத்து, ஒத்திகையில் அவர்கள் எத்தனை நிமிடம் எழுந்து நின்று வேலை செய்தார்கள் என்று குறியுங்கள். 4.15 முதல் 5.45 வரை 90 நிமிடத்தில் 20 நிமிடத்துக்குக் கீழே வந்தால் வேறு காரணமே தேட வேண்டாம்.

எல்லாரையும் எல்லா நேரமும் கூப்பிட்டிருக்கிறீர்கள். பெரிய வேஷங்களை முதலில் முடித்துவிட்டுக் கூட்டத்தைக் கடைசியில் எடுப்பது வழக்கமாகிவிட்டது. அதைத் தலைகீழாக்குங்கள். கூட்டம் வரும் துண்டுகளை எல்லாம் சேர்த்து 4.15 முதல் 4.55 வரை வைத்து, முடித்ததும் அனுப்பிவிடுங்கள். ராஜாவும் மந்திரியும் அதற்குப் பிறகு நிதானமாகப் பேசிப் பழகட்டும். கதை வரிசைப்படி எடுக்காவிட்டால் பிள்ளைகளுக்குப் புரியாதே என்பார்கள். வாரத்துக்கு ஒரு நாள் முழு ஓட்டம் விட்டால் புரிந்துவிடும். கடைசி இரண்டு வாரம் எப்படியும் தினமும் முழு ஓட்டம்தான்.

அனுப்ப முடியாது, வேன் 5.30-க்குத்தான். அப்படியானால் பக்கத்து வகுப்பிலோ மரத்தடியிலோ இணையாக இன்னொரு ஒத்திகை நடக்க வேண்டும். "நீங்களே போய்ப் பிராக்டிஸ் பண்ணுங்க" என்றால் அது விளையாட்டு பீரியட் ஆகிவிடும். சொல்கிற வேலைக்கு அளவும் நேரமும் இருக்கட்டும்: "எட்டுப் பேர், நாலு கடை, அரை நிமிஷம். ஒருத்தர் ஏமாத்தணும், ஒருத்தர் கண்டுபிடிக்கணும். அஞ்சு மணிக்கு வந்து காட்டணும்." அஞ்சு மணிக்குக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். ஒரு தடவை பார்க்காமல் விட்டால் அடுத்த தடவை அந்த உத்தி செல்லாது.

அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடம் சரியில்லை. முதுகுப்பக்கமோ தூண் மறைவிலோ உட்கார்ந்தால் நாடகம் தெரியாது, வசனம் கேட்காது. அரட்டை தவிர வேறென்ன செய்வார்கள்? நம் தென்னார்க்காட்டுத் (கடலூர், விழுப்புரம் பக்கத்து) தெருக்கூத்தில் இதற்குப் பழைய தீர்வு இருக்கிறது. வேஷம் இல்லாத நேரத்தில் ஆள் ஓய்ந்து கிடப்பதில்லை. ஆர்மோனியம், மிருதங்கத்தோடு பின்னால் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடுகிறார். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆடும் இடத்தின் ஓரத்தில், மேடையைப் பார்த்தபடி இரண்டு பெஞ்சு. முக்கியமான ஐந்தாறு இடத்தில் மட்டும், பேசுகிறவரின் வரியில் கடைசி மூன்று நான்கு சொல்லைப் பெஞ்சு முழுக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கே என்று ஸ்கிரிப்டில் அடிக்கோடு போட்டுக் கொடுங்கள். பெஞ்சில் ஒரு பிள்ளை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். நகைச்சுவை வரிகளுக்குப் பின்பாட்டு வேண்டாம், சிரிப்பு அமுங்கிவிடும். ஐந்தாறு இடத்துக்கு மேல் போனாலும் சலித்துவிடும்.

கூத்திலிருந்து எடுக்க வேண்டிய இன்னொன்று திரை. முக்கிய வேஷம் முதன்முதலில் வரும்போது இருவர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வேஷக்காரர் அதற்குப் பின்னால் நின்று பாடி, ஆடி, பிறகுதான் முகம் காட்டுவார். ஆறடி நீளத்துக்கு ஒரு பழைய புடவைத் துண்டு போதும். ஒவ்வொரு முக்கிய வேஷத்துக்கும் இரண்டு பேர் என்றால், ஐந்து வேஷத்துக்குப் பத்துப் பிள்ளைகளுக்குத் தப்பு நடந்தால் உடனே தெரிகிற ஒரு வேலை கிடைக்கிறது. திரை பிடிப்பதிலும் பழக வேண்டியது உண்டு: மேல் ஓரம் வேஷக்காரரின் தலைக்கு ஒரு சாண் மேலே, இருவர் கையும் ஒரே உயரத்தில், இறக்கும்போது கீழே போடாமல் ஒருவர் மற்றவரை நோக்கி நடந்து மடித்துக்கொண்டு வெளியேறுவது. சரியாக வர ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம் அரட்டைக்கு நேரம் இருக்காது.

ஸ்கிரிப்டே அப்படி. மேலே சொன்ன எல்லாம் செய்தும் பத்துப் பேருக்கு ஒரு துண்டுதான் என்றால் எழுத்தைத்தான் மாற்ற வேண்டும். முதல் காட்சியில் வரும் சந்தைக்கூட்டத்தையே நாலாம் காட்சியில் பஞ்சாயத்தில் உட்கார வையுங்கள். ஆட்கள் அதே, பெயர்கள் அதே. இதை இரண்டாவது வாரத்துக்குள் செய்துவிடுங்கள். உடைக்கு அளவு கொடுத்த பிறகு காட்சியைச் சேர்த்தால் வாடகைக் கணக்கு தலைக்கு மேல் போகும்.

## அறிகுறி 2: நாளுக்கு நாள் ஆள் குறைகிறது

திட்டுவதற்கு முன் வருகைப் பதிவைக் கிழமை வாரியாகப் பாருங்கள்.

செவ்வாய், வியாழன் மட்டும் குறைந்தால் டியூஷன். அந்த இரண்டு நாளில் கூட்டக்காட்சி வைக்காதீர்கள், பேச்சே முடிந்தது.

குறைபவர்கள் எல்லாரும் ஒரே திசைக்காரர்கள் என்றால் பஸ். கடலூரில் படிக்கும் பிள்ளைகளில் நெல்லிக்குப்பம் பக்கமிருந்தும் பாகூர் பக்கமிருந்தும் வருகிறவர்கள் இருப்பார்கள். ஜனவரியில் ஆறு மணிக்கு இருட்டிவிடும். பெண்பிள்ளையை அதற்கு மேல் பஸ் ஸ்டாண்டில் நிற்க வைக்க எந்த வீட்டிலும் ஒப்ப மாட்டார்கள். அவர்கள் துண்டை முதலில் எடுத்து ஐந்து மணிக்குள் விட்டுவிடுங்கள். அல்லது சனிக்கிழமை காலை.

10, 12-ஆம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் வராமல் நின்றுவிட்டால் தேர்வு. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பொதுத்தேர்வு மார்ச்சை ஒட்டி வரும், ஜனவரி பிப்ரவரியில் திருப்புதல் தேர்வுகள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டதால் அங்கே பிப்ரவரி நடுவிலேயே பொதுத்தேர்வு தொடங்கிவிடுகிறது. ஒரே நாடகத்தை இரண்டு ஊரிலும் போடுகிறவர்கள் ஒரே அட்டவணையை வைத்துக்கொள்ள முடியாது. பொதுவாக இந்த இரண்டு வகுப்புக்கும் ஒரே ஒரு துண்டில் வரும் வேஷம் கொடுப்பது அவர்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒத்திகை வைக்கிறவர்கள் மழை விடுமுறையை ஆரம்பத்திலேயே கணக்கில் சேருங்கள். மூன்று நாள் தொடர்ந்து விடுமுறை விட்டால், திரும்பி வரும்போது பெரிய வேஷக்காரர்களுக்கு வசனமாவது ஞாபகம் இருக்கும். கூட்டத்துக்கு நிற்கும் இடமே மறந்திருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் யார் எங்கே என்று கரும்பலகையில் படம் போட்டுப் போட்டோ எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைத்தால் அரை நாள் மிச்சம்.

உடை வாடகைக்குப் பணம் கேட்டு நோட்டீஸ் போன மறுநாளிலிருந்து ஒரு பிள்ளை வரவில்லை என்றால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், அதுவும் மற்றவர்கள் முன்னால். சின்ன வேஷங்களுக்கு வீட்டு வேட்டி, அம்மாவின் பழைய காட்டன் புடவை, ஒரே நிறத் துண்டு போதும் என்று பொதுவாக அறிவித்துவிடுங்கள். நாலு விநாடி தோன்றும் காவலருக்கு ஜரிகை உடை வாடகைக்கு எடுப்பது எப்படியும் வீண்.

## அறிகுறி 3: மேடையில் நிற்கிறார்கள், ஆனால் ஆள் அங்கே இல்லை

கண் கூரையைப் பார்க்கும், கை சட்டை நுனியைத் திருகும், ராஜா செத்து விழுந்தாலும் முகத்தில் ஒன்றும் நடக்காது. அதிகம் வரும் கோளாறு இது. காரணமும் பல.

கதை தெரியாது. ஒரு பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வர்றதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். விழித்தால் காரணம் கிடைத்துவிட்டது. முக்கிய வேஷத்துக்கு மட்டும் முழு ஸ்கிரிப்ட், மற்றவர்களுக்கு அவரவர் வரி மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதால் வருவது இது. ஒரு நாள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து முழு நாடகத்தையும் வாசிக்க வேண்டும். ஜெராக்ஸ் செலவு மிச்சமாக வேண்டுமானால் மூன்று பேருக்கு ஒன்று.

தான் யார் என்று தெரியாது. 'காவலர் 3' என்று சார்ட்டில் இருந்தால் பிள்ளையும் காவலர் மூன்றாகத்தான் நிற்கும். பெயர், ஊர், இன்று காலை என்ன சாப்பிட்டார், இந்தச் சபையில் யாரைப் பிடிக்காது. நாலு கேள்விக்கும் பதிலை அவர்களே சிறு அட்டையில் எழுதி உங்களிடம் படித்துக் காட்டட்டும். கடைசிக் கேள்விதான் வேலை செய்யும். மந்திரியைப் பிடிக்காத காவலர் மந்திரி பேசும்போது நிற்கிற நிற்பே வேறு. பதிலை நீங்கள் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளை எழுதிய பதில் கதையோடு மோதினால் மட்டும் திருத்துங்கள்.

கைக்கு வேலை இல்லை. சந்தைக்கூட்டத்தில் 12 பேர் என்றால் 12 வேலை: பூ கட்டுவது, மீனை விசிறி ஈ ஓட்டுவது, முறத்தில் புடைப்பது, சில்லறை எண்ணுவது, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு பேரம் பேசுவது. கடலூரில் தேவனாம்பட்டினத்திலும் முதுநகரிலும் மீன் விற்கிற அம்மாக்களை நம் பிள்ளைகள் தினம் பார்க்கிறார்கள். நடித்துக் காட்டச் சொன்னால் போதும், நீங்கள் சொல்லித்தரத் தேவையில்லை. பொருளை முதல் வாரத்திலேயே கையில் கொடுங்கள். கடைசி நாள் முறம் வந்தால் பிள்ளை முறத்தைப் பார்க்குமே தவிர ராஜாவைப் பார்க்காது. வேலை முழுக் காட்சியும் நடக்கக்கூடாது. எந்த வசனத்தில் கை நிற்க வேண்டும் என்று ஒரு இடம் குறித்துக் கொடுங்கள். பன்னிரண்டு கையும் ஒரே நொடியில் நின்றால், அந்த வசனத்துக்கு நீங்கள் வேறு பின்னணி இசையே போட வேண்டாம்.

என்ன பேசுவதென்று தெரியாத கூட்டம். "எல்லாரும் சலசலன்னு பேசுங்க" என்றால் முதல் நாள் பேசுவார்கள், மூன்றாம் நாள் வாயை மட்டும் அசைப்பார்கள். கூட்டத்தை மூன்று குழுவாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் கொடுங்கள். "இது அநியாயம்ங்க", "அவரு அப்படிப்பட்டவர் இல்ல", "நமக்கு எதுக்கு வம்பு, வாங்க போகலாம்". முதல் குழு தொடங்கி இரண்டு விநாடி கழித்து இரண்டாவது, பிறகு மூன்றாவது. நிறுத்துவதற்கும் ஒரு அடையாளம் வேண்டும்: காவலர் ஈட்டியைத் தரையில் தட்டினால் எல்லாரும் நிற்க வேண்டும். இதனால் ஈட்டி பிடித்த பிள்ளைக்கும் ஒரு பெரிய பொறுப்பு வந்துவிடுகிறது.

வசனம் பதிவு செய்யப்பட்ட டிராக். இன்று நிறையப் பள்ளிகளில் எல்லா வசனமும் முன்பே ரெக்கார்ட் செய்து ஓட விடுகிறார்கள். அதில் நாலு பெரிய பிள்ளைகளின் குரல்தான் இருக்கும். கூட்டத்தின் குரலையும் அந்தப் பிள்ளைகளையே வைத்துப் பதிவு செய்யுங்கள். அரை மணி நேர வேலை. தன் குரல் ஸ்பீக்கரில் வருகிறது என்றால் உதடு தானாகச் சரியான நேரத்தில் அசையும்.

வெளியாளைக் கூப்பிட வேண்டிய இடம்: இரண்டு வாரம் இவ்வளவும் செய்து கூட்டம் இன்னும் கட்டையாக நின்றால், பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு சனிக்கிழமை வந்தால் போதும். காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறை இருக்கிறது. நாடகம் படித்தவர்கள் இந்த வட்டாரத்தில் கிடைக்காதவர்கள் அல்ல. கூத்துக் கலைஞர் ஒருவரை அழைத்தால் அடவும் (ஆட்ட அசைவும்) பின்பாட்டும் இரண்டு மணி நேரத்தில் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும். அவருக்குப் போக்குவரத்தும் மரியாதையான ஊதியமும் கொடுங்கள். "பசங்களுக்காக ஃப்ரீயா வாங்க" என்று கேட்பது அழகில்லை. வாள்சண்டை, தீப்பந்தம், ஒருவர் தோளில் ஒருவர் ஏறுவது போன்றவை இருந்தால் தெரிந்தவர் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். தீப்பந்தத்தைத் தெரிந்தவர் இருந்தாலும் தவிர்த்துவிடலாம்.

## அறிகுறி 4: ஒரே ஒரு வசனம், அதுவும் தப்பிப்போகிறது

"மன்னா, எதிரிப்படை ஆற்றைக் கடந்துவிட்டது!" தூதனுக்கு இருப்பது இவ்வளவுதான். அதையும் மறக்கிறான், அல்லது மந்திரி பேசி முடித்து ஐந்து விநாடி கழித்து ஓடி வருகிறான்.

அவனுக்குத் தன் வரி மனப்பாடம். அதற்கு முந்தின வரி தெரியாது. "உனக்கு முன்னாடி யாரு பேசுறாங்க, கடைசி மூணு சொல் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். சொல்லத் தெரியாவிட்டால் அந்த மூன்று சொல்லைத்தான் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒத்திகை தொடங்கும்போது ஐந்து நிமிடம், எல்லாரும் நின்றபடி, நடிப்பு எதுவும் இல்லாமல், வசனங்களை இரட்டை வேகத்தில் சொல்லிக்கொண்டு போங்கள். தூதனின் முறை தவறினால் எல்லாரும் அந்தப் பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். யாரையும் திட்ட வேண்டியிருக்காது.

நேரம் தவறுவது பெரும்பாலும் தூரத்தால்தான். தூதன் சைடு விங்கில் (மேடையின் பக்கவாட்டு மறைவில்) நிற்க வேண்டியது தன் வசனத்துக்கு இரண்டு பேச்சு முன்னால். தரையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள்.

பேசினான், ஆனால் கேட்கவில்லை என்றால் மைக். பள்ளி மேடையில் மூன்று நாலு மைக்தான் இருக்கும், எல்லாம் முன்வரிசையில். சின்ன வேஷம் பின்வரிசையில் நின்று பேசும். வரி பேசுமுன் மைக் பக்கம் இரண்டு அடி முன்னால் வருவதையும் நடிப்பிலேயே சேர்த்துவிடுங்கள்: ஓடி வருகிறவன் முழங்காலிட்டு விழுவது மைக்குக்கு முன்னால் விழட்டும். அப்படியும் கேட்கவில்லை, சத்தத்தைக் கூட்டினால் மைக் கத்துகிறது என்றால் நீங்களே திருகிக்கொண்டிருக்காதீர்கள். மைக் செட்காரரை விழாவுக்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் வரச் சொல்லி, கூட்டக்காட்சியை வைத்தே சரிபார்க்கச் சொல்லுங்கள். எல்லாரும் கதாநாயகனை வைத்துச் சரிபார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

## அறிகுறி 5: அளவுக்கு மீறி நடிக்கிறார், கவனத்தைத் தன் பக்கம் இழுக்கிறார்

பின்னால் நின்று கையாட்டுவது, செத்த பிறகு கண் திறந்து பார்ப்பது, மீசையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது. இது சோர்வுக்கு எதிர்ப்பதம்போல் தெரிந்தாலும் காரணம் ஒன்றுதான்: தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற எண்ணம். அடக்காதீர்கள், இடம் கொடுங்கள். ஒரே ஒரு இடத்தில் ஐந்து விநாடி அவருடையது என்று ஒதுக்கி, மற்ற நேரம் பார்வை எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு புள்ளியைச் சொல்லுங்கள். செல்போனில் அந்தத் துண்டை வீடியோ எடுத்து அவரிடம் மட்டும் காட்டுங்கள். எல்லார் முன்னாலும் காட்டினால் அதுவே இன்னொரு மேடையாகிவிடும்.

## அறிகுறி 6: முகம் சுண்டிப்போயிருக்கிறது, "எனக்கு மட்டும் ஏன் மிஸ் சின்ன வேஷம்?"

'சின்ன வேஷம் பெரிய வேஷம் என்றெல்லாம் கிடையாது' என்று சொல்லாதீர்கள். அது பொய் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும்.

கேட்கிற பிள்ளைக்குக் காரணம் சொல்லுங்கள்: குரல் இன்னும் கூட வேண்டும், அல்லது உயரம், அல்லது சென்ற ஆண்டு நீதான் செய்தாய். தேர்வு எப்படி நடந்தது என்பதைச் சொல்ல முடியாத நிலையில் இருந்தால், அதாவது யாருடைய பிள்ளை என்று பார்த்துக் கொடுத்திருந்தால், இந்தக் கோளாறுக்கு இந்தக் கட்டுரையில் மருந்து இல்லை.

அடுத்தது மாற்று நடிகர். ஒவ்வொரு பெரிய வேஷத்துக்கும் ஒரு சின்ன வேஷப் பிள்ளை முழு வசனமும் படித்திருக்க வேண்டும். காய்ச்சல் சீசனில் இது உங்களையும் காப்பாற்றும். ஆனால் பெயருக்கு வைக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் ஒத்திகை முழுக்க மாற்று நடிகர்களை வைத்து ஓட வேண்டும். அன்று ராஜா கூட்டத்தில் நின்று முறத்தில் புடைக்கட்டும். கூட்டத்தை மட்டமாகப் பேசும் பெரிய வேஷக்காரர்களுக்கும் இந்த ஒரு நாள் நன்றாகவே வேலை செய்கிறது.

பெற்றோர் வந்து நின்றால் சார்ட்டைக் காட்டுங்கள். எத்தனை துண்டு, என்ன வேலை, எத்தனை மணிக்கு விடுகிறோம். வாயால் சமாதானம் சொல்வதைவிட அது பேசும்.

நாடகத்தோடு சம்பந்தமில்லாமல் பிள்ளை சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், உடை மாற்றப் பயந்து, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு ஒதுங்குகிறது என்றால் ஒத்திகை உத்தி எதுவும் வேண்டாம். அன்றைக்கே வகுப்பாசிரியரிடமும் தலைமை ஆசிரியரிடமும் சொல்லுங்கள். பள்ளி ஆலோசகர் இருந்தால் அவரிடம். ஆபத்து என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098. வேஷத்தைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 7: விழா நாளில் பின்மேடை சந்தையாகிவிடுகிறது

நாடகம் எட்டு மணிக்கு, பிள்ளைகளை மேக்கப்புக்கு இரண்டு மணிக்கே வரச் சொல்லியிருப்பீர்கள். மேக்கப்காரர் ஒரு ராஜாவுக்கு எடுக்கும் நேரத்தில் நாலு காவலருக்குப் போட்டுவிடலாம். ராஜாவும் ராணியும் மூன்று மணிக்கு, கூட்டம் ஐந்தரைக்கு. மேக்கப்காரரிடம் கூட்டத்துக்குப் பவுடரும் கண்மையும் மட்டும் என்று முன்பே சொல்லிவிட்டால் கூலியும் குறையும்.

சாப்பாடு உடை மாற்றுவதற்கு முன். தயிர் சாதம், எலுமிச்சை சாதம் போதும். சாம்பார் வேண்டவே வேண்டாம், வாடகை உடைக்குக் கறைப்பணம் கட்ட நேரிடும். பாத்ரூம் போவதும் உடைக்கு முன், வேட்டியைப் பஞ்சகச்சம் கட்டிவிட்ட பிறகு போக வேண்டுமென்றால் திரும்பக் கட்ட ஒரு ஆள் வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், அவர் கையில் ஊக்கு ஒரு அட்டை, தண்ணீர் பாட்டில், அந்த ஐவரின் துண்டு எண் எழுதிய சீட்டு. நாடகத்துக்கு முந்தின நடனம் மேடைக்கு ஏறும்போது அந்த ஐவரையும் சைடு விங்குக்கு எதிரே உள்ள வகுப்புக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அங்கே மின்விசிறி ஓடுகிறதா என்று மதியமே பார்த்துவிடுங்கள்.